பீர் ருசி ஏன் மாறுகிறது? வாழ்க்கையோடு சேர்த்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களோடு பீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு பீரோடு நிற்பதில்லை. "முன்ன மாதிரி இறங்க மாட்டேங்குதுடா" என்று ஒருவன் சொல்வான். எனக்குத் தூக்கமே வரவில்லை என்பான் அடுத்தவன். அப்புறம் குழந்தை, வேலை மாற்றம், முட்டிவலி, பிரிந்துபோன உறவு என்று எங்கெங்கோ போய்விடும். பல வருஷமாக இப்படிப் பேசியதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். எனக்கு பீர் பிடிக்கும். என்னோடு உட்கார்ந்து அதைக் குடிக்கும் நண்பர்களை அதைவிட அதிகம் பிடிக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் பதில்கள். குடிக்கும் வயது சட்டப்படி வராதவர்களுக்கு எழுதிய பக்கம் இல்லை இது.

முதல் தடவை குடித்தபோது துப்பிவிடலாம் போல இருந்தது. பிறகு எப்படிப் பிடித்தது?

கசப்பு என்றால் விஷமாக இருக்கலாம் என்று உடம்பு எச்சரிக்கையாகிவிடும். பிறந்த குழந்தையே கசப்பு பட்டால் முகம் சுளிக்கும். இனிப்பை உணர நம் நாக்குக்கு ஒரே ஒரு வகை ஏற்பி போதும். கசப்புக்கோ 25 வகைபோல இருக்கின்றன. அவ்வளவு காவல் போட்டு வைத்திருக்கும் வாசல் வழியாகத்தான் பீர் உள்ளே போகிறது.

குடித்த பிறகு ஒன்றும் ஆகவில்லை, கூட இருந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றால், அடுத்த தடவை மூளை அந்தக் கசப்பைக் கொஞ்சம் தளர்வாக எடுத்துக்கொள்ளும். காபியும் இப்படித்தான் பழகுகிறது. கசப்பை உணரும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் சிலருக்கு எத்தனை வருஷமானாலும் பழகாது. அவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். உங்களுக்குத் தெரியும் அதே கசப்பு அவர்கள் நாக்கில் பல மடங்கு உறைக்கலாம்.

இருபதுகளில் ஸ்ட்ராங் பீர்தான் குடிப்பேன். இப்போது இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. நாக்கு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. நாக்கில் உள்ள ருசி செல்கள் ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றன. வயதாக ஆக அந்த வேகம் குறையும், மோப்ப சக்தியும் மெல்ல மங்கும். ஆனால் அறுபதை நெருங்கும்போதுதான் இதெல்லாம் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும். முப்பத்தைந்தில் ஸ்ட்ராங் பிடிக்காமல் போவதற்கு நாக்கைக் குறை சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த வரை காரணம் எளிமையானது. இருபதுகளில் நாம் பீரை ருசிக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. எது சீக்கிரம் ஏறும் என்று பார்த்தோம். மறுநாள் காலையைப் பற்றிய கவலை இல்லை. இப்போது காலை ஆறரைக்கு எழுந்தாக வேண்டும், அந்த நினைப்பு கிளாஸைக் கையில் எடுக்கும்போதே வந்துவிடுகிறது. சீக்கிரம் ஏறுவதற்காகக் குடிப்பது நின்ற பிறகு ருசி மட்டும்தான் மிஞ்சுகிறது. 8 சதவீத பீரில் ஆல்கஹாலின் எரிச்சலும் திகட்டும் இனிப்பும் முன்னால் வந்து நிற்பது அப்போதுதான் தெரிகிறது.

பீர் எல்லாமே ஒரே மாதிரிதானே? எதற்கு இத்தனை பெயர்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசை.

பீர் என்பது நான்கு பொருள்: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, காயவைத்தால் மால்ட். லேசாகக் காயவைத்தால் பொன்னிற பீர் வரும், ரொட்டி மணம் இருக்கும். கருக வறுத்தால் காபி, சாக்லேட் மணத்தோடு கறுப்பு ஸ்டவுட் வரும். கறுப்பாக இருப்பதால் அது ஸ்ட்ராங் என்று நினைத்துப் பலர் தொடவே மாட்டார்கள். நிறத்துக்கும் ஆல்கஹால் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. 4 சதவீதத்தை ஒட்டிய கறுப்பு பீரும் உண்டு, 9 சதவீதப் பொன்னிற பீரும் உண்டு.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கொதிக்கும் கரைசலில் அதை முதலிலேயே போட்டால் கசப்பு இறங்கும். கடைசியில் போட்டால் மணம் தங்கும். கசப்பை ஐபியூ என்ற கணக்கில் அளக்கிறார்கள். லாகர் என்ற வகையில் லேசானது 10ஐ ஒட்டி இருக்கும், ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகை பல சமயம் 50ஐத் தாண்டும்.

ஈஸ்ட் என்பது மால்டின் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிர். அது செய்யும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதை வைத்துத்தான் பீரை ஏல், லாகர் என்று இரண்டு பெரிய வகையாகப் பிரிக்கிறார்கள். ஏல் வகை ஈஸ்ட் 15 முதல் 24 டிகிரி வெப்பத்தில் சுறுசுறுப்பாக இருந்து பழ வாசனைகளைக் கொடுக்கும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரி குளிரில் மெதுவாக வேலை செய்யும், பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே கிடக்கும். லாகர் என்ற பெயரே சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஜெர்மானியக் கோதுமை பீரை முகர்ந்து பார்த்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டில் ஒன்றையும் யாரும் அதில் போடவில்லை. எல்லாம் ஈஸ்ட் உண்டாக்கியது.

இன்று உலகமெங்கும் 'பீர்' என்றதும் மனதில் வரும் அந்தத் தெளிந்த பொன்னிறமே ஒரு ருசி மாற்றத்தில் பிறந்ததுதான். செக் நாட்டில் பில்சன் என்றொரு ஊர். அங்கே கிடைத்த பீர் மட்டமாக இருக்கிறது என்று 1838இல் ஊர்க்காரர்கள் 36 பீப்பாய் பீரைத் தெருவில் கொட்டினார்கள். பிறகு சொந்தமாக ஆலை கட்டி, இன்றைய ஜெர்மனியில் இருக்கும் பவேரியாவிலிருந்து யோசப் குரோல் என்ற பீர் காய்ச்சுபவரை வரவழைத்தார்கள். அவ்வூரின் மென்மையான தண்ணீர், வெளிர் நிற மால்ட், ஸாட்ஸ் என்ற வகை ஹாப்ஸ், லாகர் ஈஸ்ட் எல்லாம் சேர்த்து 1842இல் அவர் காய்ச்சியதுதான் முதல் பில்ஸ்னர். ஒரு ஊரே ருசியை மாற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒருவர் மாறுவதில் என்ன இருக்கிறது?

அப்படியென்றால் நான் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கசப்பு பிடிக்காதவர் கோதுமை பீரைப் பாருங்கள். காபி பிடிப்பவருக்கு ஸ்டவுட் பிடிக்க வாய்ப்பு அதிகம். புளிப்பை ரசிப்பவர் பெல்ஜியத்தின் லாம்பிக்கைத் தேடலாம். காற்றில் உள்ள காட்டு ஈஸ்டை வைத்தே நொதிக்க விடுவது அது. ஒரு பாட்டிலை வாங்கி இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் பிடிக்காவிட்டாலும் வருத்தம் இருக்காது.

உறைகிற மாதிரி ஜில்லென்று இருந்தால்தானே பீர்?

வெயிலுக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதிகக் குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்கிறது, மணம் மேலே எழவும் விடாது. லேசான லாகருக்கு 4 முதல் 7 டிகிரி சரி. ஏல், ஸ்டவுட் எல்லாம் 8 டிகிரிக்கு மேல்தான் வாயைத் திறக்கும்.

ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடியுங்கள். கசப்பும் ஈரமும் மட்டும் தெரியும். விழுங்கிய பிறகு மூக்கை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மணம் மேலேறி வந்து, அதுவரை இல்லாத ரொட்டியோ எலுமிச்சையோ சட்டென்று தோன்றும். ஆரஞ்சுத் தோல் மணம் இப்படித்தான் எனக்கு முதன்முதலில் பிடிபட்டது. அதுவரை பத்து வருஷமாகக் குடித்த பீர் அது.

அதே பிராண்ட்தான், ஆனால் இந்த முறை நாற்றம் அடித்தது. ஏன்?

வெளிச்சம் பட்டிருக்கும். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து ஒரு கந்தகச் சேர்மமாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்துக்கு நெருக்கமானது அது. பழுப்பு பாட்டில் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சை பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் அவ்வளவாகத் தடுக்காது. வெயிலில் கிளாஸை வைத்தாலும் சில நிமிஷத்திலேயே ஆரம்பித்துவிடும். ஈர அட்டைப்பெட்டி மாதிரி மணந்தால் அது வேறு கோளாறு. பழசாகி, உள்ளே இருந்த ஆக்சிஜன் வேலையைக் காட்டியிருக்கிறது. பாட்டிலில் உள்ள தேதியைப் பாருங்கள்.

கேனில் வந்தால் தகர ருசி வருமா?

கேனின் உட்புறத்தில் மெல்லிய பூச்சு இருப்பதால் பீர் உலோகத்தைத் தொடுவதில்லை. நேராக வாயில் வைக்கும்போது விளிம்பின் மணம் மூக்கில் ஏறுகிறது, அவ்வளவுதான். கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள். வெளிச்சமே புகாத கேன் பீருக்கு உண்மையில் நல்ல வீடு.

குழந்தை பிறந்த பிறகு பீர் மேலிருந்த ஆசையே போய்விட்டது. எனக்கு மட்டும்தானா?

எனக்கும் நடந்தது. மகள் பிறந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் தூங்கிவிட்டாள் என்று நம்பி, ஃபிரிட்ஜில் பால் பாட்டில்களுக்குப் பின்னால் கிடந்த ஒரு பீரை எடுத்தேன். சத்தம் வராமல் மூடியைத் துணி சுற்றித் திறந்தேன். கிளாஸைச் சாய்த்து ஊற்றி, ஒரு மடக்கு குடித்தேன். உள்ளே அழுகை. தோளில் போட்டுத் தட்டித் தட்டி நடந்து, திரும்பி வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நுரை அடங்கி, கிளாஸின் உட்புறத்தில் ஒரு கோடு மட்டும் காய்ந்து நின்றது. வெதுவெதுப்பாக இருந்த அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தேன். வருத்தமே வரவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

தூக்கம் குறையும்போது உடம்பு தேடுவது ஓய்வைத்தான். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பிள்ளையைத் தூக்க வேண்டியவருக்கு, அரைபோதை ஒரு பயமாகவே தெரியும். சிலருக்குப் பிள்ளை வளர்ந்ததும் ஆசை திரும்பும், சிலருக்குத் திரும்பாது.

இதோடு சேர்த்து ஒன்று. கர்ப்பகாலத்தில் ஒரு துளிகூட வேண்டாம், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. பாலூட்டும் தாயின் ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் அதே அளவில் பாலிலும் இருக்கும். குழந்தையோடு ஒரே படுக்கையில் படுப்பவர், அப்பாவோ அம்மாவோ, குடித்துவிட்டுப் படுக்கவே கூடாது.

வயது ஏற ஏற ஒரு பீருக்கே தலை சுற்றுகிறதே?

வயதாகும்போது உடம்பில் நீரின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. ஆல்கஹால் நீரில்தான் பரவும். அதே பீர், கொஞ்சம் நீரில் கரைகிறது, ரத்தத்தில் அளவு கூடித் தெரிகிறது. ஈரல் வேலையை முடிக்கும் வேகமும் பழையபடி இருக்காது.

கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 5 சதவீத பீர் 330 மில்லி குடித்தால் சுமார் 13 கிராம் ஆல்கஹால். 8 சதவீத பீர் 500 மில்லி என்றால் 31 கிராமுக்கு மேல். இரண்டையும் 'ஒரு பீர்' என்றே சொல்கிறோம். ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் அகற்றும். குளித்தாலும் காபி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ஒன்றுதானே குடித்தேன் என்று வண்டியை எடுக்கும் நண்பனிடம் சாவியைக் கேட்டு வாங்குங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தூக்க மாத்திரை, சில ஆன்டிபயாடிக், வலி மாத்திரை இவற்றோடு பீர் சேர்வது ஆபத்து. கீல்வாதத்தில் யூரிக் அமிலம் ஏறும் வகை இருப்பவருக்கு பீர் குறிப்பாக ஆகாது, உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அதில் இருக்கிறது.

ராத்திரி ஒரு பீர் குடித்தால் நன்றாகத் தூக்கம் வருமாமே?

சீக்கிரம் வரும், நிலைக்காது. முன்னிரவில் அசந்து தூங்கவைத்துவிட்டுப் பின்னிரவில் ஆல்கஹால் எழுப்பிவிடும். கனவு வரும் உறக்கமும் குறையும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் அது அடக்குவதால் இரண்டு மணிக்கு எழுந்து நடக்க வேண்டியிருக்கும். தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் அதற்காக மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

தொப்பைக்கு பீர்தான் காரணமா?

பங்கு உண்டு. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. 330 மில்லி சாதாரண பீரில் சுமார் 140 முதல் 150. எத்தனை பாட்டில், கூடவே என்ன கொறித்தீர்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள், கணக்கு புரிந்துவிடும்.

ஆல்கஹால் இல்லாத பீர் குடித்தால் "அதெல்லாம் பீரே இல்லை" என்கிறார்களே?

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சொன்னால் ஒப்புக்கொண்டிருப்பேன். அப்போது கிடைத்தவை வேகவைத்த தானியக் கஞ்சி மாதிரி மணந்தன. ஆல்கஹால் பீருக்குப் போதையை மட்டும் தருவதில்லை. கனத்தையும் லேசான இனிப்பையும் தருகிறது, மணத்தைத் தூக்கிக்கொண்டும் வருகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீராகத் தெரிவது இயல்பு.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. காற்றழுத்தத்தைக் குறைத்தால் ஆல்கஹால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும், மணம் அவ்வளவாகக் கெடாது. சவ்வு வழியாக வடிகட்டும் முறையும், குறைவாக மட்டுமே ஆல்கஹால் உண்டாக்கும் ஈஸ்டும் உண்டு. கோதுமை பீரிலும் ஹாப்ஸ் மணம் தூக்கலான வகைகளிலும் நல்லவை வந்துவிட்டன. ஒன்று மட்டும் கவனியுங்கள். பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் 'ஆல்கஹால் இல்லாதது' என்று எழுதலாம். கர்ப்பிணிகளும், குடியை முழுக்க விட்டவர்களும் 0.0 என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. விட்டவர்களில் சிலருக்கு அந்த மணமே பழைய ஆசையைக் கிளப்பிவிடும். அவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

நான் குறைத்துவிட்டேன். நண்பர்கள் "கம்பெனி குடுடா" என்று விடாமல் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வரும், பிறகு வாதம் நடக்கும். "இன்னைக்கு வேணாம்டா, நீ சொல்லு, வேலை எப்படிப் போகுது?" என்று பேச்சைத் திருப்புங்கள். கையில் ஏதாவது ஒரு கிளாஸ் இருந்தால் பாதிக் கேள்வி வராது.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஸ்ட்ராங் பீர் தவிர வேறு தொடாதவன். ஒரு நாள் 0.0 பாட்டிலோடு வந்து உட்கார்ந்தான். மற்றவர்கள் ஓட்ட ஆரம்பித்தார்கள். அவன் சிரித்தபடி லேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். கலைந்து போகும்போதுதான் என்னிடம் மட்டும் சொன்னான், ஈரல் பரிசோதனை முடிவு சரியில்லை என்று. அன்றிலிருந்து யாராவது வேண்டாம் என்றால் எங்களில் யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

மனசு சரியில்லாத காலத்தில் அளவு கூடிவிட்டது. இது பிரச்சினையா?

கேள்வி மனதில் எழுந்துவிட்டதே, அதை ஒதுக்கிவிடாதீர்கள். வேலை போனபோதும் ஒரு பிரிவுக்குப் பிறகும் இப்படி ஆனவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தனியாகக் குடிப்பது, எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வது, மாலை வருமா என்று மதியமே காத்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். மருத்துவ உதவியோடு நிறுத்த வேண்டும். பீர்தானே, சாராயம் இல்லையே என்ற ஆறுதலும் வேண்டாம், உள்ளே இருப்பது அதே எத்தனால். புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் பிரிவில் மதுபானங்களை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988லேயே சேர்த்துவிட்டது. எந்த அளவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. பீரை ரசிப்பவனாக இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. தெரிந்தே குடிப்பதாக இருந்தால், உண்மையாகவே தெரிந்து குடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காய்ச்சலுக்குப் பிறகு பீர் சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. திரும்புமா?

வைரஸ் காய்ச்சல் மோப்ப நரம்புகளைப் பாதித்தால் மணங்கள் தப்பாகத் தெரியலாம். பலருக்கு வாரங்களில், சிலருக்கு மாதங்களில் சரியாகும். நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பிடித்த பீரைக் கட்டாயப்படுத்திக் குடித்து வெறுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

பல மாதம் நிறுத்திவிட்டு மறுபடி குடித்தால் பழைய ருசி கிடைக்குமா?

எனக்கு வேறு ருசி கிடைத்தது. ஏழு மாத இடைவெளிக்குப் பிறகு ஒரு பில்ஸ்னர் திறந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு நுரையைக் கொன்றுவிடும் என்பதால் கிளாஸை நன்றாகக் கழுவி, துடைக்காமல் காயவைத்திருந்தேன். இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. முதல் மடக்கில் கசப்பு நினைத்ததைவிடப் பலமாக இருந்தது. முதல் தடவை குடித்த நாள் ஞாபகம் வந்தது. இரண்டாவது மடக்கில்தான் மால்டின் மணம் வந்தது, அப்போதுதான் ஆறிய ரொட்டியைப் போல. முன்பெல்லாம் அது என் கண்ணில் பட்டதே இல்லை, அதற்குள் அடுத்த பாட்டிலுக்குப் போயிருப்பேன். பாதி கிளாஸ் போதும் என்று தோன்றியது. மீதியை எதிரில் இருந்த நண்பனின் கிளாஸில் ஊற்றினேன். அவன் தன் மகனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.